ஷார்ஜா போவதா, தேரூர் குளக்கரையிலேயே இருந்துவிடுவதா?

ஆச்சிவீடு எழுதியது:

எனக்கு வயது 28. நாகர்கோவில் கோட்டாரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குடியிருப்பது தேரூரில், ஆச்சி விட்டுப்போன ஓட்டு வீட்டில், தனியாக. ஊர் எது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் 1876-ல் கவிமணி பிறந்த ஊர் என்று சொல்லி முடித்துவிடுவேன். எனக்கு அது குளம் இருக்கிற ஊர், அவ்வளவுதான்.

விடியும் முன்பே பைனாகுலரும் நோட்டும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவேன். ஐப்பசி மழையோடு ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கும், பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பிவிடும். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை, மீசை ஆலா எல்லாம் தலையெண்ணி எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து பழையது குடித்துவிட்டு பஸ் பிடிப்பேன். 2022-ல் சுசீந்திரம் தேரூர் குளங்களை உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளை அமைஞ்சாச்சா என்று கேட்டார்கள்.

இனி அவன். சொந்த ஊர் சுசீந்திரம். பி.காம். ஒன்றாகப் படித்தோம். இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். சம்பளம் கூடியிருக்கிறது, குடும்ப விசா எடுக்கலாம், தையில் கல்யாணம் வைத்துக்கொள்வோம் என்கிறான். இரண்டு வீட்டிலும் சம்மதம். அம்மா ஏற்கெனவே பாத்திரம் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

'அங்கே இல்லாத பறவையா' என்று அவன் அலட்சியமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டு முடித்திருப்பேன். ஆனால் அவன், துபாயில் ராஸ் அல் கோர் என்று ஒரு இடம் இருக்கிறது, அதுவும் ராம்சர் தலம்தான், குளிர்காலத்தில் பூநாரை கூட்டமாக நிற்கும், லீவு நாளில் காரில் கூட்டிப்போகிறேன் என்று மேப்போடு அனுப்பினான். பறவை என்றால் கோழியும் காக்காவும் மட்டும் தெரிந்த ஆள். அதைப் பார்த்து அழுகைதான் வந்தது.

எனக்குப் பூநாரை வேண்டாம். புத்தளம் உப்பளத்துக்கு அது வருகிறபோதே நான் அவ்வளவாகப் போனதில்லை. எந்த மரக்குற்றியில் எந்த நேரத்துக்கு நீர்க்காகம் சிறகு காயப்போடும் என்று தெரிந்த ஒரு குளம் போதும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? ஒரு குளத்துக்காக ஒருத்தனை வேண்டாம் என்று சொன்னால் கிறுக்குதானே?

சானல்கரை:

மாப்பிள்ளை சுசீந்திரமா! சேவல் கூவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுசீந்திரத்திலிருந்து தாலி கட்டக் கிளம்பிய ஒருத்தர் இன்னும் கன்னியாகுமரி போய்ச் சேரவில்லை.

இன்னொன்று. உங்கள் குளத்தில் நீளவால் இலைக்கோழி இருக்குமே? அதில் பெண் முட்டையிட்டுவிட்டு அதன் பாட்டுக்கு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்தான். உங்கள் ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆச்சிவீடு:

கன்னியாகுமரி பகவதி கதையோடு யாராவது வருவீர்கள் என்று தெரியும். அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா. அலங்காரம் செய்து, சோறு கறி எல்லாம் ஒருக்கி வைத்துக் காத்திருந்தாள். நாரதர் நடுராத்திரியில் சேவலாகக் கூவி, விடிந்துவிட்டது என்று மாப்பிள்ளை சிவனைப் பாதி வழியில் திரும்பவைத்து ஏமாற்றிவிட்டார். என் கதையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் தொல்லையே.

இலைக்கோழி விஷயம் அவனிடம் முன்பே சொல்லியாயிற்று. 'அப்போ நான் அடைகாக்கேன்' என்றான்.

மார்த்தாண்டத்து மருமகள்:

தங்கச்சி, நான் ஷார்ஜாவில் குடும்பம் நடத்திவிட்டு வந்தவள். பயமுறுத்த வரவில்லை, நல்ல ஊர்தான். ஆனால் அவர் காலையில் வேலைக்குப் போனால் இரவு வருவார். மே தொடங்கி செப்டம்பர் வரை பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஏசி ஓடும், டிவி ஓடும், ஜன்னலில் புறா வந்து உட்காரும். இங்கேயும் நீ தனியாகத்தான் இருக்கிறாய், ஆனால் உன் கதவு திறந்து கிடக்கிறது. அங்கே மூன்றாவது மாடியில் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உனக்கென்று ஒரு வேலை தேடிக்கொள்ளாமல் போகாதே.

அதை விடு. நீ எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அவன் அழைத்தது இருக்கிறது, மேப் அனுப்பியது இருக்கிறது, நீ அவனைக் கேட்டது எங்கேயும் இல்லை. 'நீ இங்கே வந்துவிடு' என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சுசீந்திரத்துக்காரனுக்குத் தேரூர் தூரமா என்ன? கோட்டார் கடைகளில் ஸ்டோர் பார்க்க ஆள் வேண்டாமா? சம்பளம் குறையும், சரி. உனக்கு வாடகை இல்லையே.

ஆச்சிவீடு:

கேட்கவில்லை அக்கா.

சம்பளம் காரணமில்லை. கேட்டால் வந்துவிடுவான். அதுதான் பயம்.

போன லீவில் ஒரு காலை கரைக்கு வந்தான். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேன், பேசவும் இல்லை. பிளாஸ்க்கில் கட்டஞ்சாயா கொண்டுவந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். என்னால் ஒன்றையும் எண்ண முடியவில்லை. ஊசிவால் வாத்து நூறு வரை வரும், உடனே அவன் சட்டையில் சோப்பு வாசம் அடிக்கும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன். அன்றைய பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது.

அன்று போல சந்தோஷமாக இருந்ததில்லை. அன்று குளம் என் கண்ணில் படவே இல்லை. இரண்டும் உண்மை. ஷார்ஜா போனால் குளம் இங்கே இருக்கும், நான் அங்கே இருப்பேன், ஏங்கலாம். அவன் இங்கேயே வந்துவிட்டால்? கரையில் உட்கார்ந்துகொண்டே குளத்தைத் தொலைத்துவிடுவேனோ என்று இருக்கிறது. ஆச்சி செத்த பிறகு அந்த ஒன்றரை மணி நேரம்தான் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டாத நேரம்.

இதைப் போனில் எப்படிச் சொல்வது? 'உன்னைப் பிடிக்கிறதால் நீ வராதே' என்றா?

கும்பப்பூ:

மக்களே, நான் அந்தக் குளத்து ஏலாவில், வயல்வெளியில், விவசாயம் செய்கிறவன். உனக்கு அப்பா வயது இருக்கும்.

முதலில் ஒன்று. நீ இயற்கை இயற்கை என்று நினைத்துக்கொண்டிருப்பது நாங்கள் வெட்டி வைத்த குளம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல்லுக்கும் தண்ணீர் நிற்கத்தான் குளம். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையைத் திறந்து, சானலில் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்கு நடவு. கரையை மண்வெட்டியால் ஒதுக்கி, மடையைத் திறந்து, பாசி வாரி ஆள் நடமாடிய இடம். இப்போது வயலைத் தூர்த்து வாழை, தென்னை, அதற்கப்புறம் பிளாட் என்று போய்க்கொண்டிருக்கிறது. வயல் போனால் குளம் யாருக்கும் வேண்டாம். ஆள் இல்லாமல் குளம் இருந்துவிடும் என்று எண்ணாதே.

ரெண்டாவது, என் வீட்டுக்காரி கல்யாணமான புதிதில் மடைக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். எனக்கு வேலை ஓடாது, வரப்பில் கால் வழுக்கும். கொஞ்ச நாள்தான். அப்புறம் அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, தூக்குச்சட்டி மட்டும் இருக்கும். இதைச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். சோப்பு வாசம் எல்லாம் நிற்காது மக்களே, நீ அதற்குத்தான் வருத்தப்பட வேண்டும், குளத்துக்கு இல்லை.

மார்த்தாண்டத்து மருமகள்:

அண்ணாச்சி சொன்ன கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய்யும் இல்லை.

தங்கச்சி, நீ எங்களிடம் எழுதிய அந்த சட்டை வாசத்தை அப்படியே அவனுக்கு அனுப்பு. ஒரு வார்த்தை மாற்றாதே.

ஆச்சிவீடு:

அனுப்பிவிட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் இப்படி வந்தது: 'உன் பக்கத்துல உக்காரணும்னு எனக்கு என்ன கட்டாயம்? சுசீந்திரம் குளம் எங்க வீட்டுப் பக்கம்தானே. நீ தேரூர்ல எண்ணு, நான் சுசீந்திரத்துல எண்ணுதேன். எட்டு மணிக்கு இட்லிக்கடையில பாப்போம்.'

ஷார்ஜா பற்றி இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. ஜனவரியில் நீர்ப்பறவை கணக்கெடுப்பு வரும், அப்போது அவனுக்கும் லீவு. கல்யாணத் தேதியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா திட்டுகிறாள். ஆனால் அவனுக்கு ஊசிவால் வாத்துக்கும் நாமக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. போனில் படம் அனுப்பிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

கும்பப்பூ:

சுசீந்திரம் குளம் மெயின் ரோட்டு ஓரம், பஸ் ஹாரன் நிற்காது. விடியும் முன்பே வரச் சொல். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை நாமம் இருக்கும், அதை மட்டும் எண்ணட்டும் முதலில்.