சவுக்குக் கட்டையில யானை: தும்பிக்கை முறியுது, வயிறு வெடிக்குது, கையும் அரிக்குது. உதவி தேவை

தலவாக்கலைப் பையன்:
வணக்கம். மரத்துல மிருகம் செதுக்கப் பழகுறேன். காத்துல விழுந்த சவுக்குக் கிளை ஒன்னு, அதான் தேயிலைக்கு நிழலுக்கு நிக்கிற கிரவீலியா, தொரைகிட்ட கேட்டு வாங்கினேன். துண்டு போட்டு அடுப்புக்கு மேல பரண்ல காய வச்சு எடுத்தேன்.

கட்டையப் படுக்க வச்சு, நீளவாக்குல உடம்பு வர்ற மாதிரி யானைய வரைஞ்சேன். காலையும் தும்பிக்கையையும் மெல்லிசாக்குற நேரம் பட்டுன்னு முறியுது. வயித்துல நடுவுல இருந்து வெளிய வரைக்கும் வெடிப்பு. முதுக வளைக்கும்போது ஒரு பக்கம் வழுவழுன்னு வருது, மறுபக்கம் உளி உள்ள பாஞ்சு பிச்சுக்கிட்டுப் போகுது. கையில அரிப்பு வேற. அரை அங்குல உளி ஒன்னும் அப்பாவோட பழைய கவ்வாத்துக் கத்தியும்தான் வச்சிருக்கேன். வீடியோவுல எல்லாரும் பாஸ்வுட்னு ஒரு வெளிநாட்டு மரத்தச் சொல்றாங்க. இங்க அதுக்கு எங்க போறது?

பண்டாரவளை ஆசாரி:
தம்பி, உன் கையில குத்தம் இல்ல. கட்டைய வச்ச விதம்தான் தப்பு. மரத்தோட நார் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம்தான் பலம். நீ கட்டையப் படுக்கப் போட்டதால காலுக்கு உள்ள நார் குறுக்க ஓடுது. ஈர்க்குக் கட்ட நீளமா பிடிச்சு வளைச்சா தாங்கும், அதையே பொடிப்பொடியா நறுக்கி ஒட்டினா தாங்குமா? கட்டைய நிமுத்து. நாலு காலும் தொங்குற தும்பிக்கையும் நாரோட ஓட்டத்துல வரட்டும். உடம்பு தடிப்புதானே, குறுக்கு நார் அங்க ஒன்னும் செய்யாது.

தும்பிக்கையத் தூக்கின யானை இப்போதைக்கு வேண்டாம், எப்படி வச்சாலும் வளைவுல ஓரிடம் குறுக்க வெட்டுப்படும். தும்பிக்கைக்கும் முன்னங்காலுக்கும் நடுவுல மரத்த விட்டு வச்சு, மத்ததெல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா எடு. தந்தத்தத் தனியா செஞ்சு துளை போட்டுச் சொருகு.

முதுகு விசயம்: நீ வச்ச மாதிரி நார் படுக்கையா ஓடினா, மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் செதுக்கணும். முதுகு உச்சியில இருந்து வால் பக்கம் ஒரு வெட்டு, கட்டையத் திருப்பி உச்சியில இருந்து தலைப் பக்கம் ஒரு வெட்டு. பள்ளத்துல இருந்து மேல ஏறினா உளி நாருக்குள்ள பூந்துரும்.

கொட்டகலை:
பரண்ல போட்டதுதான் வெடிப்புக்குக் காரணம். வெளிப்பக்கம் சூட்டுல சட்டுன்னு சுருங்கும், உள்ள இன்னும் ஈரம் இருக்கும், அப்போ வெடிக்காம என்ன செய்யும்? முழு உருளையா காய வச்சா எந்த மரமும் வெடிக்கும். வளையத்த ஒட்டின திசையில மரம் சுருங்குறது, நடுவுல இருந்து வெளிய போற திசையில சுருங்குறதப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பச்சையா இருக்கும்போதே நடுவால பிளந்து, நட்ட நடுவுல மெத்துன்னு இருக்கிற சோத்த எடுத்துடு. ரெண்டு முனையிலயும் மெழுகு இல்லாட்டி பெயிண்ட் பூசி, நிழல்ல காத்துப் படுற இடத்துல அடுக்கு. நம்ம பக்கம் தென்மேற்கு மழை முடியுற வரைக்கும் ஒழுங்கா காயாது, அவசரப்படாத.

பண்டாரவளை ஆசாரி:
பிளக்கிறது சரி. ஆனா முழுசா காயற வரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல. பச்சை மரம் உளிக்கு மெதுவா இருக்கும். பருமட்டா உருவம் எடுத்து, கொஞ்சம் சதை கூட விட்டு, கடதாசிப் பையில சுத்தி வச்சுக் காஞ்ச பிறகு முடிக்கலாம்.

அட்டன் அக்கா:
அரிப்பப் பத்தி ஒருத்தரும் கதைக்கல! தம்பி, சவுக்கு மரத்துலயே தோல அரிக்க வைக்கிற சத்து இருக்கு. சிலருக்கு இலை பட்டாலே கொப்புளிக்கும், தூள் இன்னும் மோசம். நீள்கை சட்டை, முகக்கவசம் போடு, முடிஞ்சதும் சவக்காரம் போட்டுக் கழுவு. அப்பவும் அரிச்சா அந்த மரத்தையே விட்டுடு. தளபாடக் கடையில மஹோகனி, தூனா வெட்டுத்துண்டு கேளு, அனேகமா விறகுக்குத்தான் போகுது. தேயிலைத் தூர் பக்கம் இப்ப போகாத. பார்க்க அழகு, ஆனா கல்லு மாதிரி, முடிச்சு வேற.

கவ்வாத்துக் கத்திய அப்பாகிட்டயே குடுத்துடு, அது கிளை வெட்டத்தான். உளியத் தீட்டப் பழகு. கல்லுல தீட்டி, பழைய தோல் பெல்ட்டுல மெருகுப் பசை தேய்ச்சு இழு. மெதுவான மரத்தோட வெட்டுமுனையில சீவிப் பாரு, பளபளன்னு வந்தா கூர் சரி. இடது கை எப்பவும் உளிக்குப் பின்னாலதான்.

கண்டியிலிருந்து:
ஒரு யோசனை. முதல்லயே நாலு காலுல நிக்கிற மிருகம் எதுக்கு? படுத்த மாடு, ஆமை, ஆந்தை, இதுல முறிய எதுவும் இல்ல. இல்லாட்டி பலகையில புடைப்பா செதுக்கு. கண்டிக்கு வந்தா எம்பெக்கே தேவாலயத்துத் தூண்களப் பாரு, 14ஆம் நூற்றாண்டு, கம்பளை அரசர் காலத்துக் கோயில். அன்னம், யானை, சிங்கம், மல்லர்னு எல்லாம் தூணோட சதுரத்துக்குள்ளயே அடங்கி இருக்கு. கடையில நிக்கிற யானையை விட அது நல்ல வாத்தியார்னு நான் சொல்லுவேன்.

தலவாக்கலைப் பையன்:
ரொம்ப நன்றி. மிச்சக் கட்டைய இன்னைக்கே பிளக்குறேன், முதல்ல ஆமை. முடிச்ச பிறகு தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பண்டாரவளை ஆசாரி:
வேண்டாம், அது இறுகாது, நாளாக நாளாக நாறும். ஆளி விதை எண்ணெய் மெல்லிசா பூசித் துடை. துடைச்ச துணியச் சுருட்டிப் போட்டுடாத, தானா சூடேறித் தீப்பிடிக்கும். வெளிய விரிச்சுக் காயவிட்டு பிறகு வீசு.

தலவாக்கலைப் பையன்:
முனைக்குப் பூசுற மெழுகு?

கொட்டகலை:
சாதா மெழுகுதிரி போதும். நேரா நெருப்புல வைக்காத, சுடுதண்ணிச் சட்டிக்குள்ள இன்னொரு டின்ன வச்சு உருக்கு.