கலைச்சொல்: குரோனோடைப் என்பதற்குப் ‘பொழுதியல்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவரின் உடல் இயல்பாக எப்போது விழிக்கும், எப்போது அடங்கும் என்று ஆளுக்கு ஆள் வேறுபடும் தன்மையை ஆங்கிலத்தில் ‘குரோனோடைப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் விவாதத்தில் இதுவரை காலவகை, நேரவகை, உறக்கவகை, பொழுதுவிருப்பம் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மொழிபெயர்க்கவே வேண்டாம், குரோனோடைப் என்றே எழுதிவிடலாம் என்கிறார் புதுச்சேரி நண்பர். நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: பொழுதியல்பு. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இப்போதும் மாலையில் மஞ்சக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். நம் பகுதிப் பயிற்சியாளர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். அதில் ஒரு பாடம் முழுக்க இந்தச் சொல்லை நம்பித்தான் நிற்கிறது. சொல் பிசகினால் பாடமே பிசகிவிடும்.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். வெளிச்சமே படாத இடத்தில் வைத்தாலும் அது தானாகச் சுற்றும். மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகமாகவே சுற்றும். அதை நாள்தோறும் 24 மணிக்குள் இழுத்து நிறுத்துவது வெளிச்சம், குறிப்பாகக் காலை வெளிச்சம். ஆனால் எல்லோருக்கும் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒருவருக்கு இரவு ஒன்பதுக்கே உடல் அடங்கிவிடும், இன்னொருவருக்கு நள்ளிரவு தாண்டியும் அடங்காது. உடல் வெப்பம், இரவானதை உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு, தசையின் வலு எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே ஏறி இறங்குகின்றன. உறக்கம் அதன் ஒரு முள் மட்டுமே. அதனால்தான் ‘உறக்கவகை’ போதாது என்கிறேன்.

‘காலவகை’ என்றதும் எனக்கு இறந்தகாலம், நிகழ்காலம்தான் நினைவுக்கு வருகின்றன. இலக்கணப் பாடம் படித்த எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் தோன்றும். ‘நேரவகை’ இன்னும் சிக்கலானது. நம் பேச்சில் நேரம் ஓர் ஆளோடு சேர்ந்தால் அது ஜாதகம் ஆகிவிடுகிறது. “அவன் நேரம் சரியில்லை” என்றால் கடிகாரத்தைப் பற்றியா பேசுகிறோம்? ஆட்டக்காரனின் நேரவகை என்று கையேட்டில் அச்சடித்தால் ராசி பார்த்து ஆள் எடுக்கச் சொல்வதாகவே சிலர் படிப்பார்கள்.

பொழுது அப்படியல்ல. அகப்பொருள் இலக்கணம் நிலத்தோடு சேர்த்து முதற்பொருளாக வைத்த சொல் அது. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து, நம் கடற்கரைக்கு, அதாவது நெய்தலுக்கு, எற்பாட்டைக் கொடுத்தார்கள். எற்பாடு என்பதை வெயில் சாயும் பிற்பகல் என்று கொள்வதே பெருவழக்கு. தேவனாம்பட்டினம் மணலில் பையன்கள் ஆடக் கூடுவதும் அப்போதுதான். பெரும்பாலானவர்களுக்கு உடல் வெப்பம் உச்சத்தை நெருங்குவதும் பிற்பகல் கடைசியிலிருந்து மாலைக்குள்தான். இதை வைத்து முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளுக்குள் நடக்கும் மாற்றத்தைப் பேசக் காலத்தையும் நேரத்தையும்விடப் பொழுது பொருத்தமான சொல் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி ‘பொழுதுவிருப்பம்’. அதை முன்வைத்த நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ஆங்கிலத்திலேயே காலை விருப்பம், மாலை விருப்பம் என்றுதான் எழுதுகிறார்கள். நாம் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

அவர்கள் எழுதுவது உண்மைதான். 1976இல் ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட 19 கேள்விகள் கொண்ட வினாத்தாள், உங்கள் இஷ்டப்படி விட்டால் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்ற போக்கில் கேட்கிறது. அது அளப்பது விருப்பத்தை. பின்னர் ரோனெபெர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஜெர்மனியின் மியூனிக்கில் உருவாக்கிய வினாத்தாள், வேலை நாளில் எப்போது தூங்கினீர்கள், ஓய்வு நாளில் எப்போது தூங்கினீர்கள் என்று நடந்ததைக் கேட்டு, ஓய்வு நாள் உறக்கத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதல் வினாத்தாள் அளப்பதற்குப் ‘பொழுதுநாட்டம்’ என்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம். அடியில் இருக்கும் உடல் அமைப்பை விருப்பம் என்று சொல்லக் கூடாது.

ஏன் கூடாது? விருப்பம் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று பொருள். 2001இல் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். மாலை ஏழரை வாக்கில் உறங்கி, விடியற்காலை நாலரை வாக்கில் விழித்துவிடும் தன்மை அங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது. காரணம் பெர்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம். அந்த மரபணுக் குடும்பத்தில் முதலில் கண்டறியப்பட்டதைப் பழ ஈயில் ஆராய்ந்து கடிகாரத்தின் உள்வேலையைக் காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணு வரை போகும் ஒன்றை விருப்பம் என்று எழுதி ஒரு பயிற்சியாளர் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? “விருப்பத்தை மாத்திக்கோ, காலையில வா” என்பார்.

நானே அதைச் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், இடது கார்னர். மாலையில் அவன் கணுக்காலைப் பிடித்தால் பெரிய ரைடர்கூடத் தப்ப முடியாது. நான் அணி எடுத்தது காலை ஐந்தரை மணிப் பயிற்சியில். ஓட்டத்தில் கடைசி, கேட்ச்சில் கை தாமதம். மூன்று வாரம் பார்த்துவிட்டு அவனை நீக்கினேன். போட்டி மின்னொளிக் கபடி. எங்கள் ஆட்டம் வந்தபோது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. காலையில் பாய்ந்து பாய்ந்து பிடித்த என் இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் அன்று நின்ற இடத்திலேயே நின்றார்கள். கபடியில் ஏழு பேரும் சேர்ந்துதான் ஒருவனை மடக்க வேண்டும், ஒருவன் அரை நொடி பிந்தினாலும் சங்கிலி அறுந்துவிடும். அன்று அது பல முறை அறுந்தது.

பையனின் அம்மாவிடம் அதற்கு முன்பே, “சோம்பல்தாம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லியிருந்தேன். அந்த அம்மா சொன்ன பதில் இந்த விவாதம் வந்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்குகிறது. “அவனுக்குப் பொழுது விடியவே ஒம்போது மணி ஆவும் சார். கடலுக்குப் போவாத நாள்ல அவங்க அப்பாவும் அப்படித்தான்.”

இதில் எல்லாம் இருக்கிறது. பொழுது ஊருக்குப் பொதுவானது மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் தனியாகவும் விடியும் என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. “உனக்கு இன்னும் பொழுது விடியலையா” என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம். காலத்தையோ நேரத்தையோ இப்படிச் சொல்ல முடியாது. ‘கடலுக்குப் போகாத நாளில்’ என்று அந்த அம்மா சொன்னது மியூனிக் வினாத்தாள் கேட்கும் அதே ஓய்வு நாள்தான்.

பழக்கம் வேறு, இயல்பு வேறு என்பதற்கு நம் கரையில் ஆண்டுதோறும் ஒரு சாட்சி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் இளைஞர்கள் மற்ற மாதங்களில் நடுச்சாமம் தாண்டியதும் எழுந்துவிடுவார்கள். தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் போனால் பாருங்கள். சிலர் அப்போதும் நாலரைக்கே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே வருவார்கள். படகு எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பியது, ஆனால் ஒரே மாதிரி ஆக்கவில்லை.

விளையாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வெளியான ஆய்வு ஒன்று போதும். 20 ஹாக்கி ஆட்டக்காரர்களைக் காலை 7 முதல் இரவு 10 வரை ஆறு வெவ்வேறு நேரங்களில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஆளின் திறன் ஒரே நாளுக்குள் 26 விழுக்காடு வரை மாறியது. முந்தி விழிப்பவர்கள் தாங்கள் இயல்பாக விழிக்கும் நேரத்திலிருந்து சுமார் 5.6 மணி நேரத்தில் உச்சம் தொட்டார்கள், இடைப்பட்டவர்கள் 6.5 மணி நேரத்தில், பிந்தி விழிப்பவர்கள் 11.2 மணி நேரத்தில். சுவர்க்கடிகாரத்தைவிட, அவரவர் விழித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே திறனை நன்றாகக் காட்டியது. அதாவது அவரவர் பொழுது. ஆட்டக்காரர் எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் காலையில் தேர்வு வைத்து இரவில் ஆடவிடும் நம் வழக்கத்தை யோசிக்க வைக்க அது போதும்.

‘இயல்பு’ என்றால் சாகும்வரை மாறாதது என்று ஆகிவிடாதா என ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. பருவ வயதில் இந்தக் கடிகாரம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும், இருபது வயதை ஒட்டி மிகவும் பிந்தி நிற்கும், அப்புறம் மெல்ல முன்னுக்கு வரும். நம் கபடிப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பிந்திய வயதில்தான் இருக்கிறார்கள் என்பதையும் கையேட்டில் எழுதுகிறேன். ஆனால் தமிழில் இயல்பு என்றால் கல்வெட்டு இல்லையே. ‘அந்த வயசுக்கு அது இயல்பு’ என்று சொல்கிறோம். குணம் என்று வைத்தால்தான் ஆளை முத்திரை குத்துவதாக ஆகும்.

ஆங்கிலத்தில் சொல்வதுபோல முந்தி விழிப்பவருக்கு வானம்பாடி, பிந்தி விழிப்பவருக்கு ஆந்தை என்று பறவைப் பெயர் வைக்கும் யோசனையை விட்டுவிடலாம். நம் ஊரில் விடிவதற்கு முன் கூவும் பறவை கரிச்சான். வானம்பாடி என்றால் நமக்கு வேறு நினைவுகள். ஆந்தையோ வீட்டருகே அலறினாலே அபசகுனம் என்று பயப்படும் பறவை, ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனமில்லை. முற்பொழுதர், இடைப்பொழுதர், பிற்பொழுதர் என்பது படிவத்தில் நிரப்ப எளிது. முற்பகல், பிற்பகல் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. திறன் உச்சத்தில் இருக்கும் வேளைக்கு ‘உச்சப்பொழுது’.

குரோனோடைப் என்றே இருக்கட்டும் என்ற நண்பருக்கு: ஆய்வகத்தில் இருக்கட்டும், எனக்குத் தடையில்லை. அந்த அம்மாவிடம் போய், “உங்கள் மகன் பிற்பொழுதன், அவனைக் காலைத் தேர்வில் நீக்கியது என் தவறு” என்று சொல்ல எனக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்.

ஒன்றுதான் இன்னும் சரியாக அமையவில்லை. வேலை நாளின் நேரமும் உடலின் பொழுதும் ஒத்துவராமல் இழுபடுவதை ரோனெபெர்க் குழு 2006இல் ‘சோஷியல் ஜெட்லாக்’ என்று அழைத்தது. நெய்வேலியில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு ஆட வருபவர்களுக்கு நேர்வதும் இதற்கு நெருங்கியதுதான். ‘பொழுதுப்பிணக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பிணக்கு என்றால் வீட்டுச் சண்டை போலத் தொனிக்கிறதா, ‘பொழுதுமுரண்’ மேலா? அந்தப் பக்கத்தை அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து