நூறில் ஒரு பங்கு விநாடி

1984இல் நான் ஆறாம் வகுப்பு. எங்கள் தெருவிலேயே டிவி கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்த செய்தியை, அப்பா டீக்கடையிலிருந்து மடித்துக் கொண்டுவந்த பேப்பரில்தான் படித்தேன். ருமேனியாக்காரிக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. வெண்கலம் போயிற்று.

நூறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று பி.டி. சாரிடம் கேட்டேன். கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்ச்சைக் கழற்றித் தந்து, "அமுக்கு, உடனே நிறுத்து" என்றார். சாவி கொடுக்கும் வாட்ச். எத்தனை முறை அமுக்கினாலும் முள் ஒரு கோடாவது தாண்டிவிடும். ஒரு கோடு, ஐந்தில் ஒரு பங்கு விநாடி. "அதை இருபது துண்டாக்கு. அதில் ஒரு துண்டு." கட்டைவிரல் சிவக்கும்வரை வகுப்பே அமுக்கிப் பார்த்தது.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். "பெரிய உஷா!" என்று பையன்கள் கேலி செய்தார்கள். எனக்கு அது பட்டமாகத்தான் கேட்டது. மண்டலப் போட்டிக்கு மேல் கால் போகவில்லை, அது வேறு கதை. 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் உஷா நான்கு தங்கம் வாங்கியபோது துள்ளிக் குதித்தேன். ஆனாலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த நான்காம் இடம்தான்.

அவரை நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை கோழிக்கோட்டிலிருந்து கண்ணூர் போகையில் பய்யோலி ஸ்டேஷனைக் கடந்தேன். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. 'பய்யோலி எக்ஸ்பிரஸ்' என்று பட்டம் வாங்கிய உஷாவின் ஊரில் நான் ஏறிய எக்ஸ்பிரஸ் நிற்கவில்லை!

இப்போது நானும் உடற்கல்வி ஆசிரியை. குறுவட்டப் போட்டிகளில் நேரம் எடுக்கிறேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு அமுக்கக்கூடாது, புகையைப் பார்த்து அமுக்க வேண்டும். கையால் எடுக்கும் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி எழுதுவது விதி. அந்தக் கணக்கில் 55.41ம் 55.5, 55.42ம் 55.5! இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் படிவத்தில் மூன்று இடங்களுக்குத்தான் கட்டம். நான்காவதாக வருகிறவளின் நேரத்தை என் சொந்த நோட்டில் குறித்துக்கொள்வேன். போன வருஷம் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்து, "மிஸ், எனக்கு எவ்வளவு நேரம்?" என்றாள். நோட்டைத் திறந்து காட்டினேன். அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.