பைக்கின் பின்பிரேக் பெடல் வெறுமனே இறங்குகிறதா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முன்பிரேக்கில் காற்று எடுப்பது (பிரேக் ஆயில் பாதைக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) எப்படி என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பின்பிரேக் என்று வந்தால்தான் ஆளுக்கொரு பேச்சு. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பின் காலிபரை (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிரித்துச் சுத்தம் செய்து, புது சீல் போட்டு, புது பிரேக் ஆயில் ஊற்றியிருந்தேன். பெடலை மிதித்துப் பிடி, நிப்பிளை (காலிபரிலிருந்து காற்றை வெளியேற்றும் சிறு திருகு) திற, மூடு, பிறகு பெடலை விடு என்ற வரிசை ஒருமுறைகூடத் தவறவில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் அடிக்கோட்டுக்குக் கீழே போகவும் விடவில்லை. நிப்பிளில் மாட்டிய குழாயில் ஒரு குமிழிகூட வராத நிலைக்கு வந்தாயிற்று. ஆனாலும் பெடல் பாதித் தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, அதற்குப் பிறகுதான் பிடித்தது. அடுத்தடுத்து மிதித்தால் மேலே ஏறி வரும். சற்று விட்டு மிதித்தால் பழையபடி இறங்கிவிடும்.

மிதிக்க மிதிக்க ஏறும் பெடலுக்கு முதல் சந்தேகம் காற்றுதான். நிப்பிளில் வராத காற்று வேறு எங்கே இருக்கும்? தரையில் உட்கார்ந்து காலிபரைப் பக்கவாட்டில் பார்த்தபோது பிடிபட்டது. என் வண்டியில் காலிபர் ஸ்விங் ஆர்முக்கு (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அடியில் தொங்குகிறது. நிப்பிள் பின்பக்கம் சாய்ந்து, காலிபரின் உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கிறது. ஆயில் உள்ளே வரும் வழியும் அதே பக்கம். ஆக, எவ்வளவு ஆயில் தள்ளினாலும் அது வந்த பக்கமாகவே வெளியேறிவிடும். பிஸ்டனுக்குப் பின்னால் மேல்மூலையில் ஒதுங்கிய காற்று அங்கேயே குடியிருக்கும்.

காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி டிஸ்க்கிலிருந்து எடுத்தேன். பேடுகள் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டைகள்) உள்ளேயே இருந்தன. இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டைச் செருகினேன். அதைச் செருகாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும், கவனம். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் காலிபரைத் திருப்பி, நிப்பிள் நேர் உச்சியில் நிற்கும்படி கயிற்றில் கட்டினேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் காலிபரின் முதுகில் லேசாகத் தட்டிவிட்டு நிப்பிளைத் திறந்தபோது, குழாய்க்குள் நீளமாக ஒரு காற்றுத் துண்டு ஏறிப் போனது. அடுத்து சில பொடிக் குமிழிகள், அப்புறம் சுத்தமான ஆயில். பெடல் அங்கேயே இறுகிவிட்டது. காலிபரைத் திரும்ப மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் இறுகும்வரை மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பேடுகள் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான்: கால் வலிக்க மிதிப்பதற்கு முன்னால் காற்று எங்கெங்கே தங்கக்கூடும் என்று ஆயில் போகும் பாதையை ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். மற்றவர்களும் எழுதுங்கள்.

* * *

நல்ல இழை, அண்ணா. என் சிக்கல் இன்னும் மேலே, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்.

ஹோஸ் மாற்றியதில் முழு ஆயிலும் வடிந்துபோய் உள்ளே வெறும் காற்று. பெடலை எவ்வளவு மிதித்தாலும் நிப்பிளில் காற்றும் வரவில்லை, ஆயிலும் வரவில்லை. டப்பாவில் ஆயில் மட்டம் அசையவே இல்லை. பின்பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் சிறியது, பிஸ்டன் நகரும் தூரமும் குறைவு. உள்ளே காற்று நிறைந்துவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் காற்று சுருங்கி விரிகிறதே தவிர, ஆயிலை முன்னால் தள்ளுவதில்லை.

கடைசியில் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, முனையில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதிலிருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, காலிபர் நிப்பிளில் பொருத்தினேன். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மெதுவாக அழுத்தினால் ஆயில் கீழிருந்து மேலே ஏறும். காற்றுக்கும் மேலே போவதுதான் இயல்பு என்பதால் நமக்கு இரட்டிப்பு உதவி. டப்பாவில் குமிழிகள் கொப்பளித்து வந்து, பிறகு அடங்கின. டப்பா நிரம்பி வழியாமல் பக்கத்தில் நின்று ஒருவர் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தால் நல்லது. வழிந்தால் பெயிண்ட் போச்சு. துணியால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காலிபரில் பழைய கறுத்த ஆயிலும் கசடும் இருக்கும்போது இப்படிக் கீழிருந்து தள்ளாதீர்கள். அத்தனை அழுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போய்ச் சேரும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதற்குள்ளும் போகும்.

* * *

எல்லாரும் பெடல் இறங்குகிறது என்கிறீர்கள். எனக்கு நேர்மாறு. பெடல் கல்லாகிவிட்டது.

மலைப்பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். முதலில் பின்சக்கரம் இழுப்பதுபோல் தோன்றியது. பெடலில் இருந்த விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் டிஸ்க் பக்கம் கையை நீட்ட முடியவில்லை, அப்படி ஒரு சூடு. வண்டியைத் தள்ளினால் பின்சக்கரம் சுற்ற மறுத்தது. அரைமணி நேரம் ஆறவிட்டதும் தானாகவே விட்டுக்கொடுத்தது! ஓட்டினால் மறுபடியும் பிடித்தது.

ஊர் திரும்பியதும் ஒரு மூத்த மெக்கானிக் சொல்லிக்கொடுத்த சோதனையை இங்கே பதிவு செய்கிறேன், யாருக்காவது உதவும். சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே நிப்பிளைக் கொஞ்சம் திறக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஆயில் பீய்ச்சும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள், காலிபரைக் குறை சொல்ல வேண்டாம். விடுபடாவிட்டால் பிஸ்டனோ காலிபர் நகரும் பின்களோ துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. அழுத்தம்தான் என்று தெரிந்தபின், அடுத்தமுறை பிடிக்கும்போது நிப்பிளுக்குப் பதிலாக மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து ஹோஸ் போல்ட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அங்கேயே விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கிறது.

என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரிலேயே விடுபட்டது. முன்பு வேலை பார்த்தவர் யாரோ பெடல் உயரத்தை மாற்ற புஷ் ராடை (பெடலின் அசைவை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்குக் கடத்தும் கம்பி) நீட்டிவிட்டிருக்கிறார். பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் டப்பாவுக்குத் திரும்பும் துளை ஒன்று இருக்கிறது, ஊசிமுனை பருமன்தான். பிஸ்டனின் ரப்பர் கப் அதை மறைத்துக்கொண்டு நின்றால், சூட்டில் விரியும் ஆயிலுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. விரிந்த ஆயில் பேடை அழுத்தும், பேடு உரசி மேலும் சூடேறும், ஆயில் மேலும் விரியும். புஷ் ராடைச் சுருக்கி, பெடலில் கையேடு சொல்லும் அளவு விளையாட்டு விட்டதோடு தீர்ந்தது. அழுக்கு அடைத்தாலும் இதே அறிகுறிதான் என்றார் அவர். டப்பா மூடியைத் திறந்துவைத்துப் பெடலைத் தொட்டுத் தொட்டு விட்டால் ஆயிலில் சின்னச் சலனம் தெரிய வேண்டும். தெரிந்தால் துளை திறந்திருக்கிறது.

* * *

உறிஞ்சும் பம்ப் வைத்துக் காற்று எடுப்பவர்களுக்கு ஒரு சொல். குமிழி நிற்கவே நிற்காது, ஆயில் பாட்டில் காலியாகும், மனம் வெறுக்கும். அந்தக் குமிழி பெரும்பாலும் பிரேக்குக்குள்ளிருந்து வருவதல்ல. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்றைப் பம்ப் உறிஞ்சுகிறது. மரையின் மேல்பகுதியில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்றினால் அடங்கிவிடும். நுனித் துளைப் பக்கம் டேப் போகக் கூடாது. எனக்குப் பம்ப் மேல் பெரிய மதிப்பில்லை. ஒரு குழாயும் ஒரு கண்ணாடிப் புட்டியும் போதும்.

நிப்பிளுக்கு வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டு முனைகளை மழுக்காதீர்கள். வளைய ஸ்பேனர்தான் சரி. முதலில் ஸ்பேனரை மாட்டிவிட்டு, அதன் பிறகு குழாயைச் செருகுங்கள். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி எழும்பி, பிறகு வளைந்து புட்டிக்குள் இறங்கட்டும். அப்போதுதான் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகாது.

* * *

ஐயா, நீங்கள் சொன்ன புட்டி முறையில்தான் நானும் செய்தேன், காற்று முழுதும் போய்விட்டது. ஆனால் பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டே இருந்தால் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. எங்கும் ஒழுகலும் இல்லை. இது காற்றா?

* * *

தம்பி, காற்றாக இருந்தால் பெடல் மெத்தென்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும். பிடிக்கப் பிடிக்க வழுகிக்கொண்டே போவது கசிவின் குணம். வெளியே ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் உள்ளுக்குள்ளேயே ஆயிலைப் பின்னால் விடுகிறது. புஷ் ராடை மூடும் ரப்பர் உறையையும் விலக்கிப் பாருங்கள். சில நேரம் ஈரம் அதற்குள் ஒளிந்திருக்கும்.

உங்கள் வண்டியைப் பிரித்தவர் ரப்பர் பாகங்களைப் பெட்ரோலில் கழுவினாரா என்று விசாரியுங்கள். பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிற அநியாயம் இது. பிரேக் சீல்களுக்குப் பெட்ரோல், என்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எதுவுமே ஆகாது, பட்டால் ஊதிப்போகும். புது கப் போடும்போது சுத்தமான பிரேக் ஆயிலைத் தடவி உள்ளே விட்டால் போதும்.

ஆயில் வகையிலும் (பாட்டிலில் போட்டிருக்கும் டாட் எண்) குழப்பம் வேண்டாம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் ஒரு புள்ளியும் ஒன்றும்தான் வித்தியாசம், சரக்கு வேறு. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155 ஆகிவிடுகிறது. கொதித்தால் உள்ளே ஆவி. ஆவி என்றால் பெடல் காலுக்கடியில் காணாமல் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதும், திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதே என்பதும் இதனால்தான்.

* * *

ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்களா? என் வண்டியில் காலிபரில் காற்று இல்லை, மாஸ்டர் சிலிண்டரும் புதிது. பெடல் மட்டும் இறுகவில்லை. ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் வால்வுகளில் சில மூடியே கிடப்பதால், அவற்றுக்கு அப்பால் காற்று புகுந்தால் வெறும் மிதியில் வெளியேறாது. சேவை மையத்தில் கணினியை இணைத்து வால்வுகளை இயக்கிக் காற்றை எடுத்தார்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் இது தேவைப்படுவதில்லை. டப்பாவில் ஆயில் தீராமல் வெறுமனே பழைய ஆயிலைப் புது ஆயிலாக மாற்றும்போது பெட்டிக்குள் காற்று போவதற்கு வழியில்லை. ஹோஸைக் கழற்றியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

* * *

இழையைத் தொடங்கியவன் மறுபடியும். இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன். அவருக்குக் காலிபர் நிப்பிள் உச்சியில்தான் இருக்கிறது, சிரிஞ்சு முறையும் செய்துவிட்டார், ஏபிஎஸ் கிடையாது, ஆனாலும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. படம் அனுப்பச் சொன்னேன். பின்பிரேக் ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்பட்டு, ஸ்விங் ஆர்மின் மேல் ஒரு வளைவாக எழும்பி, அதன் பிறகு காலிபருக்கு இறங்குகிறது. அந்த வளைவின் உச்சிதான் முழுப் பாதையிலும் உயரமான இடம். மெதுவாக மிதித்தால் ஆயில் அடியில் ஊர்ந்து போகும், காற்று உச்சியை விட்டு நகராது. ஹோஸைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, காலிபரையும் கழற்றி மாஸ்டர் சிலிண்டரை விட உயரமாகத் தூக்கிப் பிடித்தால் பாதை முழுவதும் ஒரே ஏற்றமாகிவிடும். பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு மறக்க வேண்டாம். பிரேக் விளக்கு சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டர் ஹோஸ் போல்ட்டிலேயே இருக்கும் வண்டி என்றால், அந்த இடத்திலும் ஒரு பொட்டுக் காற்று தங்கும். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு அந்த போல்ட்டை இம்மியளவு தளர்த்தி, ஆயில் கசிந்ததும் இறுக்கி, பிறகு பெடலை விட வேண்டும். அடியில் துணியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செம்பு வாஷர்கள் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள்.

அவர் இன்னொன்றும் கேட்டார்: பெடல் இறுக்கமாகவே இருக்கிறது, சக்கரம் மட்டும் நிற்கவில்லை என்றால்? அது காற்றே அல்ல. பேடில் ஆயிலோ சங்கிலி ஸ்பிரேயோ பட்டிருக்கும், அல்லது பேடின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் பளபளத்திருக்கும். சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடிவிடுங்கள்.