புதுப்பிப்பு: கிரைண்டர் போட்டால் சூடாகும் வயர் ரீல்

கோலாலம்பூர் செந்தூல் வீட்டு இரும்பு கேட்டை கிரைண்டரால் அறுக்கும்போது எக்ஸ்டென்ஷன் ரீல் ஏன் கொதிக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். "முழுசா பிரிச்சுப் போடுங்க தம்பி" என்ற அண்ணனுக்கு நன்றி. சுற்றியபடி இருந்தால் உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியில்லை. பிரித்துப் போட்டதும் அதே 2,000 வாட் கிரைண்டருக்கு வயர் லேசான வெதுவெதுப்போடு சரி.

ஆனால் பிளக் மட்டும் சுட்டது. திறந்தால், லைவ் கம்பியின் திருகு தளர்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. பிளக்கினுள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இப்படித் தளர்ந்த இணைப்பின் சூட்டுக்கெல்லாம் போகாது. மின்னோட்டம் கூடினால்தான் அது உருகும். கருகிய முனையை வெட்டி, சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள புது பிளக் மாட்டியாச்சு.

மழை ஈரத்தில் வேலை செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். காய்ந்த தரையிலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா பாருங்கள்.