இங்கிலாந்துக்கு வந்திருக்கும் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு: தொண்டு செய்ய எங்கே, எப்படிப் போவது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து படிக்கவும் வேலைக்கும் இங்கிலாந்து வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு, பஸ் கார்டு பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. வந்த முதல் வருடத்திலேயே, குடியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு தொண்டில் சேர்ந்துவிடுங்கள். மாதம் ஒரு நாள் போதும். 'எல்லாம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் அந்த அப்புறம் வரவே வராது.

நமக்கு இது புதிதில்லை. தை மாதம் பழனிக்கு நடக்கிறவர்களுக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று வழிநெடுக மோரும் சோறும் கொடுத்துப் பழகிய மண் நம்முடையது. அங்கே யாரும் அழைப்பு வைப்பதில்லை. அண்டா கழுவ ஆள் இல்லையா, கழுவுவோம். இலை போட ஆள் இல்லையா, போடுவோம். இங்கே அப்படிப் போய் நிற்க முடியாது. முன்பே பெயர் பதிய வேண்டும், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டும். அதை ஒட்டாத குணம் என்று நினைக்காதீர்கள். வருகிற ஆட்களைக் கணக்கு வைத்துத்தான் அவர்கள் கதவையே திறக்கிறார்கள்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில் அன்னதானம் எல்லாம் தொடங்க நல்ல இடங்கள். லண்டன் என்றால் மேனர் பார்க், ஹைகேட் முருகன் கோயில்களிலும் ஈலிங் அம்மன் கோயிலிலும் திருவிழா நாளில் எத்தனை பேர் இருந்தாலும் ஆள் பற்றாது. ஆனால் நம் ஆட்களோடு மட்டும் நின்றுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுப் பொருள் கொடுக்கிற ஃபுட் பேங்க் பெரும்பாலான ஊர்களில் உண்டு, பல இடங்களில் ஒரு சர்ச் கூடத்தில் நடக்கும். டாக்டரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை மையமோ எழுதிக் கொடுத்த சீட்டோடு ஆட்கள் வருவார்கள். குறைந்தது மூன்று நாள் சாப்பாட்டுக்கான பொருளைக் கட்டிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். புதிதாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் டப்பா பிரிக்கிற வேலைதான். சூப்பர் மார்க்கெட்டில் ஜனங்கள் தானமாகப் போட்டுவிட்டுப் போன டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கிற தேதியைக் கண்டுபிடித்து, தடித்த மார்க்கரால் மாதத்தையும் வருடத்தையும் மேலே பெரிதாக எழுதி, முன்னால் முடிகிறது முன்வரிசையில் இருக்கும்படி அடுக்க வேண்டும். இங்கிலீஷ் பேச்சு சரளமாக வராதவர்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. எதிரே நிற்கிற பாட்டி 'அந்த பீன்ஸ் டின்னை இங்கே தள்ளு' என்று சொல்லிச் சொல்லியே அந்த ஊர் இங்கிலீஷ் உங்கள் காதில் ஏறிவிடும். வந்து நிற்கிறவர்களிடம் மட்டும் 'ஏன் இந்த நிலைமை' என்று கேட்காதீர்கள். டீ வேண்டுமா என்று கேளுங்கள்.

சமைத்துக் கொடுக்க ஆசை இருந்தால், நம் சமையலுக்கு நல்ல மவுசு. ஆனால் அலர்ஜி விஷயத்தில் கவனம். இங்கே 14 பொருள்களை உணவில் இருந்தால் சொல்லியே ஆக வேண்டியவை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் கடுகு இருக்கிறது! எள், நிலக்கடலை, முந்திரி, பால், கோதுமையும் உண்டு. நாம் கடுகு தாளிக்காமல் எதை இறக்குகிறோம்? கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெள்ளைப் பணியாரம் செய்தாலும் சரி, புளியோதரை செய்தாலும் சரி, என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வந்து உதவிவிட்டுப் போகிற தொண்டு வேறு, ஒப்பந்தம் போட்டுச் சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை வேறு. இரண்டாவது, வாராந்திர வேலை நேர வரம்புக்குள் சேரும். பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சேருங்கள். குழந்தைகள், முதியவர்களோடு பழகுகிற வேலை என்றால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு கேட்கலாம். தொண்டர்களுக்கு அதற்கான அரசுக் கட்டணம் கிடையாது. புதிதாக வந்தவர்களிடம் இந்தியக் காவல்துறைச் சான்றும் கேட்கலாம், அதைப் பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கலாம்.

நம் மொழி தெரிந்தவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வயதான ஈழத் தமிழர்களுக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வது. கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரித் தேதி, மின்சார பில் என்று ஒரு கட்டு இருக்கும் அவர்கள் மேசையில். பொறுமையாக உட்காருங்கள். மருத்துவரிடம் மொழிபெயர்க்க மட்டும் நீங்கள் போகாமல், ஆஸ்பத்திரியிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். விசா, புகலிடம் பற்றி ஆலோசனையும் சொல்ல வேண்டாம். அங்கீகாரம் இல்லாமல் அந்த ஆலோசனை சொல்வது, அது இலவசச் சேவையாக இருந்தாலும், குற்றமாகலாம். பதிவு பெற்ற ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவே பெரிய உபகாரம்.

கடைசியாக, வருகிறேன் என்று சொன்ன நாளில் உடம்பு முடியவில்லை என்றால் முந்தின நாளே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். உங்கள் இடத்துக்கு வேறு ஆள் தேட அவர்களுக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டும்.