6 வருஷம் மரத்தடியில் நின்ற மாஸ்ஸி 1035: செல்ஃப் அடிக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

அல்சூர்_உழவன்

வணக்கம். நான் இருப்பது பெங்களூர் அல்சூரில், வண்டி நிற்பது ஆனேக்கல் தாண்டி ஒரு தோட்டத்தில். மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின். 6 வருஷமாகப் புளியமரத்தடியிலேயே நிற்கிறது. நிறுத்தியபோது நன்றாக ஓடிய வண்டிதான். சைலன்சர் வாய்க்கு மூடி கிடையாது. டேங்கில் கால்வாசி டீசல் அப்படியே இருக்கிறது. நியூட்ரலில் தள்ளினால் நகர்கிறது; கியரில் போட்டுக் கிளட்சை முழுசாக மிதித்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. டீசல் பம்ப் நீளமானது, மூணு பைப்பும் ஒரே வரிசை. புது பேட்டரி மாட்டி அடித்துப் பார்க்கலாம் என்கிறார் பக்கத்து மெக்கானிக். செய்யலாமா?

டீசல்கை

இப்போதைக்குச் செல்ஃபைத் தொடாதீங்க சார். சைலன்சர் மேல்நோக்கி, மூடியும் இல்லை என்றால் மழைத்தண்ணி நேரே உள்ளே போயிருக்கும். நிறுத்தும்போது எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, அதில்தான் துரு. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ரிங் உடையும், அல்லது பிடித்துக்கொண்ட வால்வில் பிஸ்டன் இடித்து, வால்வை இயக்கும் புஷ் ராட் வளையும். 6 வருஷத்தில் கெடாத எஞ்சின் அரை நிமிஷத்தில் கெட்டுப்போகும்.

முதலில் சம்ப் போல்ட்டை (எஞ்சின் ஆயில் தொட்டியின் அடிப்போல்ட்) மெதுவாகத் தளர்த்துங்க. தண்ணி ஆயிலுக்கு அடியில் நிற்கும், அதனால் முதலில் தண்ணிதான் சொட்டும். எவ்வளவு வருகிறது என்று ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்க.

அடுத்து சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூணு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 25 மில்லி ஊற்றுங்க: டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் சரிபாதி. இரண்டு மூணு நாள் ஊறட்டும். பிறகு நாசில் துளைகளைத் துணியால் மூடிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு, முன்னால் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்புங்க. முரண்டு பிடித்தால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டணும். ஸ்பேனருக்கு நீளமான பைப் சொருகி பலம் காட்டக்கூடாது.

திருப்பும்போது ராக்கர் கவர் (வால்வுகளுக்கு மேல் இருக்கும் மூடி) திறந்தே இருக்கட்டும். ஆறு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று கண்ணால் பார்க்கணும். இறங்கிய வால்வு மேலே வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, வால்வு தண்டில் ஆயில் விட்டுப் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டுங்க. டேப்பெட் கேப் (வால்வு தண்டுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) பெர்கின்ஸ் வழி வந்த இந்த எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., அதாவது 12 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வைப்பது வழக்கம்; மேனுவலோடு ஒப்பிட்டு வையுங்க.

ரேக்_ராட்

டீசல்கை சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தப் பம்பில் அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. மூணு பைப்பும் ஒரே வரிசை என்றால் அது இன்லைன் பம்ப். உள்ளே இருக்கும் ரேக் ராடுதான் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. பழைய டீசல் பிசினாகக் காய்ந்து ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டால், ஸ்டார்ட் ஆன நொடியில் எஞ்சின் எகிறும். ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காது.

பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். ரேக் விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். ஸ்டாப் குமிழை இழுத்தால் மூடும் பக்கம் முழுசாகப் போக வேண்டும். டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர்களில் ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தாலும் மொத்த ரேக்கும் நிற்கும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு நாள் விட்டு மென்மையாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். கழற்றும் முன் பம்ப் ஃபிளாஞ்சிலும் எஞ்சின் பக்கத்திலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், டைமிங் தப்பாது. அடுகோடியில் டீசல் பம்ப் செய்யும் மைகோ (இன்றைய பாஷ்) ஆலை வந்த ஊர் இது, பம்ப் கை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, உறிஞ்சும் வாயை முழுசாக அடைக்கிற அளவுக்கு ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். எகிறினால் பலகையால் காற்றை அடைக்க வேண்டும். கையால் அடைக்கவே கூடாது.

அல்சூர்_உழவன்

ரொம்ப நன்றி அண்ணா. சம்ப் போல்ட்டில் அரை டம்ளர் தண்ணி வந்தது, பிறகு கறுப்பு ஆயில். மூணு நாள் ஊறியதும் கிராங்க் சுற்றுகிறது, வால்வுகள் எல்லாம் ஏறி இறங்குகின்றன. ரேக் முதலில் நகரவில்லை; இரண்டாம் நாள் விட்டுக்கொடுத்தது. அடுத்து டீசல் லைனும் கிளட்சும்?

டீசல்கை

அரை டம்ளர் என்றால் சைலன்சர் வழியாக வந்ததாக இருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்படணும். ரேடியேட்டரை நிரப்பி இரண்டு நாள் மட்டம் இறங்குகிறதா பாருங்க. போர் தண்ணி வேண்டாம், சூட்டில் சுண்ணாம்பாகப் படியும். மழைத்தண்ணியோ கூலன்ட்டோ ஊற்றுங்க.

பழைய டீசலை முழுசாக இறக்கி டேங்கைக் கழுவுங்க. இரண்டு ஃபில்டரும் புதுசு. நாசிலுக்கு அடியில் புதுச் செம்பு வாஷர். பழையது குழியிலேயே ஒட்டியிருக்கும், அதை எடுக்காமல் மேலே இன்னொன்று போட்டால் நாசில் நிற்கும் உயரம் மாறிவிடும். நாசிலின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, சரிசமமாக இறுக்கணும். பார்ட்ஸ் வாங்கக் கலாசிபாளையமோ ஜே.சி. ரோடோ போனால் பழைய பார்ட்டும் எஞ்சின் நம்பர் போட்டோவும் கையில் இருக்கட்டும்.

ஏர் எடுப்பது, அதாவது டீசல் லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது, இந்த வரிசையில்: ஃபில்டர் மேல் ஸ்குரூ, பிறகு பம்ப் ஸ்குரூ. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பைக் கையால் அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வந்த பிறகே மூடணும். நாசில் பக்கத்து பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தியே வையுங்க. புது ஆயிலும் ஆயில் ஃபில்டரும் போட்டு, ஸ்டாப்பை இழுத்தபடி பத்துப் பத்து விநாடியாக, ஆயில் கேஜ் முள் எழும்வரை செல்ஃப் அடிங்க. அதற்கப்புறம் ஸ்டாப்பை விட்டு அடித்து, பைப்பில் டீசல் துப்பியதும் இறுக்கணும். செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப்புகை வந்தால் டீசல் போகிறது. புகையே இல்லை என்றால் இன்னும் காற்று இருக்கிறது. ஸ்டார்ட் ஆகி 15 விநாடியில் ஆயில் பிரஷர் காட்டவில்லை என்றால் நிறுத்திடுங்க. கால் மணி நேரம் ஓடியதும் அந்த ஆயிலை இறக்கி மறுபடி புதுசு ஊற்றுங்க. வீண் செலவு இல்லை, மிச்சத் தண்ணியும் சகதியும் அதோடுதான் வெளியே வரும்.

ரேக்_ராட்

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் துருவோடு ஒட்டியிருக்கிறது. பெடலை அழுத்திக் கட்டையால் முட்டுக்கொடுத்து இரண்டு நாள் விடுங்கள். விடுபடாவிட்டால் டாப் கியரில் போட்டு, ஸ்டாப்பை இழுத்து, பெடல் அழுத்திய நிலையிலேயே இன்னொரு டிராக்டரால் நேரான தரையில் இழுக்கச் சொல்லுங்கள். பிரேக் வேலை செய்வதை அதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். உள்ளே ஆயிலோ ஸ்பிரேயோ விடாதீர்கள், பிளேட் லைனிங் வீணாகும். அப்படியும் வரவில்லை என்றால் வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்த பிறகு பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். அவற்றுக்காக இன்னொரு தடவை பிரிப்பது பெரிய கூலி.

கியர் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் கியர் லீவர் ரப்பர் வழியாகத் தண்ணி இறங்கியிருக்கிறது. இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், அதனால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டும் கெடும். இறக்கி, இரவு முழுக்க போல்ட்டைத் திறந்தே விட்டு, காலையில் புது ஆயில் ஊற்றுங்கள், ரப்பரையும் மாற்றுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது லிஃப்ட் எழவில்லை என்றால் உடனே பம்பைக் கழற்றாதீர்கள். மாஸ்ஸியில் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. ஷாஃப்டில் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) ஓடுகிறது, பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட் எழாது.